சூடு காட்டாத சாயம்

இந்தக் கேண்டீன் காபியை நீங்கள் குடிக்காமல் இருப்பதே நல்லது. அதில் சிக்கரியைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஏழு வருஷமாகக் குடித்து எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் நேற்றுத்தான் வந்திருக்கிறீர்கள். வாசலில் உசேன் கடை இருக்கிறது, ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். விசாரணை அதிகாரி வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும்.

பெயர் ராமசுப்பு. வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். என் அண்ணன்மார் தண்டையார்பேட்டையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறார்கள். மிளகாய் நெடி எனக்கு ஆகாது. மூட்டையைப் பிரித்தால் கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் தும்முவேன். அதனால் யுத்தம் வந்ததும் என்னை மிலிட்டரி லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். மிளகாய்த் தூளுக்குப் பயந்தவன் ஊரார் கோழையில் பிழைப்பு நடத்தினான் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். யுத்தம் முடிந்ததும் ராயபுரத்தில் இந்தத் தர்ம க்ஷயரோக நிலையத்தில் லேப் உதவியாளனாகச் சேர்ந்தேன். உதவியாளன் என்பது பெயருக்குத்தான். லேபில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

லோகநாதன் என்கிற கரிக்கூலி செத்ததற்கும் நான் சாயம் போட்ட கண்ணாடித் தகடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு முன்னால் சாயம் போடுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் வந்த அதிகாரி கடைசிவரை அதை வெள்ளையடிக்கிற வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இருமுகிறவனிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துக் காலையில் முதலில் வருகிற கோழையைத் துப்பச் சொல்வோம். அதில் துளி எடுத்துத் தகட்டில் தடவிக் காயவைப்போம். அதன்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றுவோம். ஃபுக்சின் என்று பெயர். நல்ல நிறம். ஆனால் க்ஷயப் பூச்சி மேலே மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சாயத்தை லேசில் உள்ளே விடாது. தகட்டுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டவேண்டும். சாயத்திலிருந்து ஆவி கிளம்பவேண்டும், கொதிக்கக்கூடாது. இப்படி ஐந்து நிமிடம். அந்தச் சூட்டில் பூச்சி சிவந்துவிடும். பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினால் மற்றதெல்லாம் வெளுத்துப்போகும், பூச்சி மட்டும் சிவப்பை விடாது. கடைசியாக நீலச் சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீல நிறத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். இருந்தால் சீட்டில் ‘உண்டு’ என்று எழுதுவேன். இல்லாவிட்டால் ‘இல்லை’.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஜனங்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். துறைமுகத்தில் இருமுகிறவனை மேஸ்திரி ‘இல்லை’ சீட்டு இல்லாமல் வேலைக்கு எடுக்கமாட்டான். ‘உண்டு’ சீட்டு இல்லாமல் தாம்பரம் சானடோரியத்தில் படுக்கை கிடைக்காது. மாதத்துக்கு இரண்டு படுக்கை எங்கள் நிலையத்தின் பங்கு.

இப்போது ஸ்பிரிட்டுக்கு வருகிறேன். நாற்பத்தெட்டு அக்டோபரில் பட்டணத்தில் மதுவிலக்கு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நினைவில்லாதவர்கள் அன்றைக்குக் கடைசி நாள் என்று மூக்குமுட்டக் குடித்தவர்கள்தான். என் பக்கத்து வீட்டுக்காரர் ஹென்றி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கொடி பிடித்த கை. மதுவிலக்கு வந்த மூன்றாவது மாதம் அவர் மேஜை நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷை வடிகட்டிக் குடிக்க ஆரம்பித்தார். அப்படிக் குடித்த இரண்டு பேருக்கு எங்கள் தெருவிலேயே கண் போய்விட்டது. ஹென்றியும் சாயங்காலத்தில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சொன்னார். எங்கள் நிலையத்துக் காவல்காரன் சின்னப்பையன் அதைவிட மோசம். அவன் குடித்ததை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை.

லேபில் சர்க்கார் பெர்மிட்டோடு சுத்தமான ஸ்பிரிட் மாதம் நான்கு பாட்டில் வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எதிரில் இன்னும் இரண்டு பேர் குருடாகப் போகிறார்கள். கையில் மருந்து இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சாயங்காலம் ஆறு மணிக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து, கோலி சோடா கலந்து, ஆளுக்கு இரண்டு அவுன்ஸ். லேபின் அளவுக் குவளையில்தான் ஊற்றுவேன். கண்ணளவில் ஊற்றுகிற பழக்கம் எனக்கில்லை. துணைக்கு நானும் இரண்டு அவுன்ஸ் எடுத்துக்கொள்வேன். ஹென்றிக்கு அந்த வளையம் மறைந்துவிட்டது. இன்றைக்கும் எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கிறார்.

முதலில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. தகட்டைக் கழுவ ஆசிட்டோடு ஸ்பிரிட் கலப்பது வழக்கம். கந்தக ஆசிட் மட்டும் போதும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். சிக்கனம் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அதில் ஒரு பாட்டில் மிஞ்சியது. மனிதர்களுக்குத் தாகம் கூடிக்கொண்டே போகிறது என்பது என் தப்பில்லை. விளக்கை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாக்கினேன். மூன்றை ஒன்றாக்கினேன். ஒரு நிமிடம் எரிப்பதற்கும் எரிக்காமல் இருப்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று ஐம்பத்தொன்றாம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு விளக்கையே அலமாரியில் வைத்துவிட்டேன். சாயத்தை ஊற்றி, சும்மா ஐந்து நிமிடம் வைத்திருப்பேன். நேரத்தில் நான் குறை வைக்கவே இல்லை.

அதே சமயத்தில் எங்கள் டாக்டர் ஸ்டானிஸ்லாஸுக்குச் சுறா எண்ணெயில் நம்பிக்கை வந்தது. காசிமேட்டில் சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை நோயாளிகளுக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு கரண்டி புகட்டினால் க்ஷயம் ஓடிவிடும் என்பது அவர் சித்தாந்தம். அந்த நாற்றத்துக்கு எதுவும் ஓடும் என்று நானும் நம்பினேன். மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களை ராயபுரத்துப் பூனைகளெல்லாம் வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தன.

எண்ணெய் ஆரம்பிப்பதற்கு முன்னால் நூறு தகட்டில் இருபத்தெட்டில் பூச்சி இருந்தது. ஆரம்பித்து ஆறு மாதத்தில் நூற்றுக்கு இரண்டு. டாக்டர் என் மைக்ராஸ்கோப்பில் தாமே வந்து பார்த்தார். எங்கே பார்த்தாலும் நீலம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அவருடைய தம்பி இந்த நோயில் போனவன். அந்த நேரத்தில் போய், டாக்டர், விளக்கு அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவர் கட்டுரை எழுதினார். பம்பாயில் மாலை போட்டார்கள். ஏப்ரல், மே மாதத்தில் மட்டும் பூச்சிக் கணக்கு ஏழு எட்டு என்று கொஞ்சம் ஏறும். கோடையில் சுறாவின் ஈரலுக்கு வீரியம் குறைவு என்று அதற்கும் ஒரு பாரா எழுதினார். அது மதராஸ் வெயில். லேப் மேல்கூரை தகரம். மத்தியானத்தில் தகடு தானாகவே சூடாகி இரண்டொரு பூச்சி சிவந்துவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரியவர்கள் எழுதியதில் நாம் தலையிடக்கூடாது.

ஜனங்களுக்கும் சந்தோஷம். ‘இல்லை’ சீட்டு வாங்கினவன் நேரே துறைமுகத்துக்குப் போய் மேஸ்திரியிடம் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வஞ்சிரமோ நண்டோ எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவான். என் மனைவி சீனியம்மாள் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, பிள்ளைகுட்டிகளை விசாரித்துத்தான் அனுப்புவாள். அவ்வளவு பேர் வந்து இருமிவிட்டுப் போன வீடு ராயபுரத்தில் வேறு இருக்காது. அவ்வளவு பேர் வாழ்த்திய வீடும்தான்.

வாழ்த்தாமல் போனது கெங்கம்மா ஒருத்திதான். லோகநாதனின் மனைவி. வியாசர்பாடிக் குடிசைகளில் இருந்தார்கள். போன வருஷம் சித்திரையில் முதல்முறை வந்தார்கள். லோகநாதன் கப்பலிலிருந்து கரி இறக்குகிறவன். இருமினால் கறுப்பாக வரும், கரி என்று நினைத்தான். பார்த்தேன். ‘இல்லை’ என்று எழுதினேன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

ஆடியில் மறுபடி வந்தார்கள். இப்போது சிவப்பாக வந்துகொண்டிருந்தது. மறுபடியும் ‘இல்லை’. ஆவணியில் மூன்றாவது தடவை. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். ஆனால் சீட்டைப் பார்த்ததும் தெளிந்துவிட்டார். விஞ்ஞானத்துக்கு எதிராகத் தம் காதை நம்புகிறவர் அல்ல அவர். எண்ணெயை இரண்டு கரண்டியாக்கினார்.

புரட்டாசியில் நான்காம் தடவை. கெங்கம்மா லேபுக்கு உள்ளேயே வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டு வயசுப் பெண் குழந்தை. அதுவும் இருமியது.

“இன்னா சார் நீ, மூணு தபா பாத்துட்டு ஒண்ணுமில்லன்றே. அப்போ அவுரு வாயிலேந்து வர்றது இன்னா, வெத்தலச் சாறா?” என்றாள்.

நான் பதமாகச் சொன்னேன். தொண்டையில் புண் இருக்கலாம் என்றேன்.

“தொண்டப் புண்ணுக்கு மனுசன் இப்டி இளைப்பானா? ராவெல்லாம் குந்திகினே கீறாரு. படுத்தா மூச்சு வரல. தாம்பரத்துல பெட்டு கேட்டா உண்டுன்னு சீட்டு வாங்கினு வான்றான். நீ ஒரு சீட்டு எய்தி குடு சார். உன் கொய்ந்த குட்டிங்க நல்லா இருக்கணும்.”

லோகநாதன் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும்.

“உடு கெங்கா. சாரு படிச்சவரு, இல்லன்றாரு. உனக்கு இன்னா பேஜாரு? பூச்சி இல்லன்னா சந்தோசமா வூட்டுக்கு வருவியா, நோவு வேணும்னு கேட்டுகினு நிக்கிறியே,” என்றான்.

“நீ கம்முனு இரு. சார், இந்த தபாவாச்சும் நல்லா பாரு. கொய்ந்திங்க ரெண்டு கீது. இவுரு போயிட்டா நான் எங்க போவேன்?”

நாளைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவள் போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்டால் கேட்டபடி எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். பூச்சியைப் பார்க்காமல் ‘உண்டு’ என்று எப்படி எழுதுவது? பொய்ச் சீட்டு எழுதுகிறவன் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை. மேலும், அந்த வருஷம் எங்கள் இரண்டு படுக்கைகளும் ஆள் இல்லாமல் ஏழு மாதம் தாம்பரத்துக்கே திரும்பிப்போயின. அது டாக்டரின் கட்டுரையில் கடைசிப் பாராவாக வந்திருந்தது. மூன்று ‘இல்லை’க்குப் பிறகு திடீரென்று ஒரு ‘உண்டு’ வந்தால், முந்தின மூன்றையும் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். தகடுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். நான் ஒழுங்கான வேலைக்காரன்.

லோகநாதன் தைமாதம் மூன்றாம் தேதி இறந்தான். சாகும்போது சட்டைப் பையில் என் சீட்டுகள் நான்கும் இருந்தனவாம். மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள். அந்தப் பெண் குழந்தையையும் நாற்பது நாளுக்குள் அங்கேயே கொண்டுபோனார்கள். கெங்கம்மா சீட்டுகளை எடுத்துக்கொண்டு நிலையத்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். யார் பெயரையும் சொல்லித் திட்டவில்லை. வருகிறவர்களிடம் சீட்டைக் காட்டி, “இதுல இன்னா எய்திக் கீது, படி,” என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொருவரும் ‘இல்லை’ என்று படித்தார்கள். எட்டு நாள் இப்படி. சின்னப்பையன் அவளை விரட்டமாட்டேன் என்றுவிட்டான். ஆறு மணிக்கு வந்து குவளையை வாங்க மட்டும் தவறவில்லை.

அந்த எட்டாம் நாள்தான் சுறா எண்ணெயைப் பார்க்கப் பம்பாயிலிருந்து நிபுணர் வந்தார். வாசலில் அவரும் சீட்டைப் படித்தார். உள்ளே வந்து எண்ணெயை மோந்துகூடப் பார்க்காமல் பழைய தகடுகளைக் கேட்டார். நாற்பது தகடு எடுத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தாமே பழைய சாயத்தைக் கழுவிப் புதுச் சாயம் ஊற்றி, விளக்கு எங்கே என்றார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திரியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. நாற்பதில் பதினேழு சிவந்தன. லோகநாதனின் நான்கும் அதில் சேர்த்தி. டாக்டர் ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்காக நான் மிகவும் வருத்தப்பட்டேன்.

அந்த இரண்டு வருஷத்தில் மொத்தம் இரண்டாயிரத்து நானூறு தகடு. பழைய விகிதத்தில் எத்தனை வரும் என்று நீங்கள் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். நானும் பெருக்கினேன். அறுநூற்றுச் சொச்சம். எல்லோரும் சாகமாட்டார்கள் ஐயா. க்ஷயத்தில் தானாகப் பிழைக்கிறவர்களும் உண்டு.

சூடு காட்டாவிட்டால் சாயம் ஏறாது என்பது உமக்குத் தெரியுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியாது, விளக்கு ஒரு சடங்கு என்றே நினைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்களும் நம்பினமாதிரி இருந்தது. சரியாகப் படிக்காத உதவியாளன், அறியாமல் செய்த பிழை என்று முடித்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்தான். ஆனால் இன்றைக்குக் காலையில் தாம்பரத்திலிருந்து சீனியம்மாள் வந்துவிட்டாள். ஐந்து மாதம் கழித்து. கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. அவளைப் பார்த்தபிறகு அந்த வரியை அப்படியே விட்டுவைக்க எனக்கு இஷ்டமில்லை. என் வேலை எனக்குத் தெரியாது என்று அவள் நினைக்கக்கூடாது.

ஆமாம், அவளுக்கும் இருமல் வந்தது. புரட்டாசியில்தான். சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்வை. தினமும் பார்க்கிறவனுக்குச் சொல்லவேண்டுமா. கெங்கம்மா காலைத் தொட்டுவிட்டுப் போன அதே நாள் காலையில், சீனியம்மாளின் கிண்ணத்தையும் பையில் வைத்து எடுத்துவந்திருந்தேன்.

“நீங்க பாக்கிற ஆளுக்கெல்லாம் ஒண்ணுமில்லன்னுதான வருது, எனக்கும் அதையே எழுதிப் போட்டுருங்க,” என்று சிரித்துக்கொண்டே கொடுத்திருந்தாள்.

கெங்கம்மா போனதும் கதவைச் சாத்தினேன். அலமாரியிலிருந்து விளக்கை எடுத்தேன். புதுத் திரி போட்டேன். ஸ்பிரிட்டை நிரப்பினேன். சீனியம்மாளின் தகட்டில் சாயத்தை ஊற்றி அடியில் சுடரைக் காட்டினேன். கொதிக்கவிடாமல், ஆவி நிற்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம். எனக்கு அவளைவிட்டால் யாருமில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் அத்தனையும் சிவப்பு. ‘உண்டு’ என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் தாம்பரத்தில் படுக்கை கிடைத்துவிட்டது. காலியாகத்தானே இருந்தது. சரியான சமயத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று அங்கே டாக்டர் என்னைப் பாராட்டினார்.

லோகநாதனின் தகடு அதே தட்டில் அடுத்ததாக இருந்தது. அதன்மேலும் சாயம் ஊற்றியிருந்தேன். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. நான்கு விரற்கடை நகர்த்தினால் போதும். நான் மூடியைப் போட்டு விளக்கை அணைத்தேன். மிச்ச ஸ்பிரிட்டைச் சிந்தாமல் பாட்டிலில் திரும்ப ஊற்றினேன். அவனுடைய சீட்டை எழுதினேன்.

தெரியாது என்ற சொல்லை அடித்துவிட்டு, தெரியும் என்று போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு ஆறு மணிக்கு ஹென்றிக்கும் சின்னப்பையனுக்கும் மட்டும்தான் ஊற்றினேன், நான் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. வீட்டில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லாதபோது குடிக்கிற ஆள் நான் இல்லை.